கெய்ர்ன் டூல்: மூன்றாவது தடவை

இரண்டு தடவை பாதியில் திரும்பிய பிறகு, போன சனிக்கிழமை ஸ்காட்லாந்தின் கெய்ர்ன் டூல் மலை உச்சியைத் தொட்டாயிற்று. 1291 மீட்டர், பிரிட்டனில் நான்காவது உயரம். உயரம்கூடப் பரவாயில்லை, காரை எங்கே நிறுத்தினாலும் மலையடிவாரத்துக்கே பல மணி நேரம் நடக்க வேண்டும்.

முதல் தடவை மேற்கே ஃபெஷி பள்ளத்தாக்கிலிருந்து ஏறினேன். கார்ன் பான் மோர் சிகரம் தாண்டியதும் பெரிய சதுப்பு மேட்டுநிலம். வெயிலில் சுகமான வழி என்பார்கள். எனக்குக் கிடைத்தது பால் போன்ற மூடுபனி. அடையாளத்துக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. திசைகாட்டியை நம்பி ஒரு மணி நேரம் நடந்தேன், அதையே நம்பித் திரும்பினேன்.

அடுத்தது தெற்கே லின் ஆஃப் டீயிலிருந்து. முழுக்க நடந்தே போனதால் மலையடிவாரத்துக் கொரூர் குடிலுக்கு வரும்போதே மதியம் ஆகிவிட்டது. அக்டோபர் பகல் சிறியது. சரி, திரும்பு.

இந்தத் தடவை அங்கிருந்து டெர்ரி லாட்ஜ் வரை சைக்கிள். அந்த ஐந்து கிலோமீட்டரை மிதித்ததில் மிச்சமான நேரம்தான் காப்பாற்றியது. லூய்பெக் ஓடையைத் தாண்டி லேரிக் க்ரூ கணவாய்க்குள் திரும்பினால் கொரூர் குடில். 1877இல் மான் காவலாளிக்குக் கட்டிய ஒற்றை அறைக் கல்வீடு. அதன் பின்னாலிருந்து பாதை வளைந்து வளைந்து மேலே போகிறது. முகட்டில் இடப்பக்கம் டெவில்ஸ் பாயிண்ட் சிகரம், அதாவது ‘சாத்தானின் முனை’. (கேலிக் மொழிப் பெயரில் இருப்பது சாத்தானின் ஆணுறுப்பு. ஆங்கிலத்தில் நாசூக்காக மாற்றிவிட்டார்கள்.) நான் வலப்பக்கம் திரும்பினேன்.

1213 மீட்டர் முன்சிகரம் வரை சிரமமில்லை. அதற்கப்புறம் பாதை என்று ஒன்றில்லை, வெறும் கிரானைட் பாறைகள். அரிசி மூட்டை அளவு, பீரோ அளவு, எல்லாம் கொட்டி வைத்த மாதிரி. பெரிய கல்தான் அசையாது என்று நினைத்து ஒன்றில் கால் வைத்தேன். ‘டொக்’ என்று மறுபக்கம் சாய்ந்தது. ஊன்றுகோல்களைப் பைக்குள் செருகிவிட்டுக் கைகளை ஊன்றியே ஏறினேன். காய்ந்த கிரானைட் உப்புத்தாள் மாதிரி பிடிக்கிறது, விரல் நுனிதான் தேய்ந்துபோகும்.

இறங்கும்போது தூறல். நனைந்த பாறைப்பாசி எண்ணெய் தடவியது போல வழுக்க, பாதித் தூரம் உட்கார்ந்தே இறங்கினேன்.

அடுத்து குடிலில் இரவு தங்கி, வடகிழக்கு முகடு வழியாக ஏறிப் பார்க்க ஆசை. அதற்கு முன் புதுக் கால்சட்டை ஒன்று வாங்க வேண்டும்.