702

ஜூலை 31, வியாழன்

மாதக் கடைசி. எங்களிடம் சப்ளையர் பில்கள் எல்லாம் ஒரு சிஸ்டத்தில் ஏறும், கம்பெனியின் மொத்தக் கணக்கான பேரேடு வேறொரு சிஸ்டத்தில் இருக்கிறது, ராத்திரி பேட்ச் என்ற தானியங்கி வேலை ஓடி அன்றைய பதிவுகளை பில் சிஸ்டத்திலிருந்து பேரேட்டில் கொண்டுவந்து சேர்க்கும். பாக்கி நிற்கும் பில்களின் மொத்தமும் பேரேட்டில் எல்லா சப்ளையர் பாக்கியையும் ஒரே தொகையாகக் காட்டும் கண்ட்ரோல் அக்கவுண்ட்டின் இருப்பும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்ப்பது என் வேலை. இன்று மாலை வரை பில்கள் வந்துகொண்டே இருந்தன, கடைசி மூன்றையும் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பில் சிஸ்டம் 48,62,310.45. பேரேடு 48,63,012.45. வித்தியாசம் 702.

சில்லறைக் காசு இல்லாமல் முழுசாக வந்ததால் சீக்கிரம் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். 702-ஐ 9-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 78. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிப் பதிவானால் வித்தியாசம் எப்போதுமே 9-இன் மடங்காகத்தான் வரும், 54-ஐ 45 என்று போட்டால் 9, 910-ஐ 190 என்று போட்டால் 720. அதனால் எங்கோ இலக்கம் மாறியிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு நாள் முழுக்க அதையே தேடினேன். பாதித் தொகையான 351-ஐயும் தேடினேன், டெபிட்டில் போட வேண்டியது கிரெடிட்டில் விழுந்தால் வித்தியாசம் இரு மடங்காகத் தெரியும் என்பதால். இரண்டுமே கிடைக்கவில்லை.

மாலையில் மேனேஜர் வந்து கேட்டார். 1,000-க்குக் கீழே இருந்தால் வித்தியாசக் கணக்கில் தள்ளிவிடலாம் என்பது எங்கள் விதி. "தள்ளிட்டு மூடிடலாமே" என்றார். செவ்வாய் வரை டைம் கொடுங்கள் சார் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். 702 சின்னத் தொகைதான், ஆனால் அது எதனால் ஆனது என்று தெரியாமல் சின்னது என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 2, சனி

வீட்டில் இருந்தபடி யோசித்தபோது ஒன்று பட்டது. ஒன்பது எண்களில் ஒன்று எப்படியும் 9-ஆல் வகுபடும். நேற்று நான் அதை ஒரு தடயம் என்று நம்பி ஒரு நாளைக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மொத்தத்தை விட்டுவிட்டு வரி வரியாகப் பார்க்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டு சிஸ்டத்திலிருந்தும் வரிகளை எக்செல்லில் இறக்கி, வெண்டர் (சப்ளையர்) நம்பர், பில் நம்பர், தொகை மூன்றையும் வைத்துப் பொருத்தினேன். முதல் தடவை பாதிகூடப் பொருந்தவில்லை. தொகையில் பிழை இல்லை, பில் நம்பரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்ததுதான் காரணம்: ஓரிடத்தில் ஐஎன்வி-0457, இன்னோரிடத்தில் கோடில்லாமல் ஐஎன்வி0457, மற்றோரிடத்தில் வெறும் 457. கோடு, இடைவெளி, முன்னால் இருக்கும் சைபர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கி, வெண்டர்வாரியாகத் தொகைகளைத் தொகுக்கும் பிவட் அட்டவணை ஒன்று போட்டதும் காட்சியே மாறிவிட்டது. ஆறு வெண்டர்கள் தவிர மற்ற எல்லாரும் நேர்.

முதல் மூன்று வெண்டர்களில் இடித்தது 31-ஆம் தேதி மாலை நானே போட்ட மூன்று பில்கள், மொத்தம் 38,450. பில் சிஸ்டத்தில் ஜூலை என்று இருக்கிறது, பேரேட்டில் ஜூலையில் இல்லவே இல்லை. பேரேட்டு சர்வரின் கடிகாரம் நம் நேரத்துக்கு முன்னால் ஓடுகிறது, நமக்கு 31 மாலை என்றால் அதற்கு ஆகஸ்ட் பிறந்துவிடுகிறது, பேட்ச் அவற்றை அடுத்த மாதத்தில் போட்டுவிட்டது. அந்தச் செலவு ஜூலையுடையது.

நான்காவது, 12,600-க்கு ஒரு கிரெடிட் நோட், அதாவது நாம் தர வேண்டியதில் சப்ளையர் குறைத்துக்கொண்ட தொகை. பில் சிஸ்டத்தில் பாக்கியைக் குறைத்திருக்கிறது, பேரேட்டுக்கு வரும்போது மைனஸ் குறி தொலைந்து சாதாரண பில் மாதிரி பாக்கியைக் கூட்டியிருக்கிறது. ஆக 25,200 அதிகம். அதன் பாதியை வெள்ளிக்கிழமை தேடியிருந்தால் கிடைத்திருக்கும், ஆனால் நான் தேடியதோ 351-ஐ.

ஐந்தாவது, 13,880. பேட்ச்சில் ஒரு பில் தோற்றுப்போன அன்று யாரோ அவசரத்துக்கு அதை கண்ட்ரோல் அக்கவுண்ட்டிலேயே நேரடியாக ஜர்னல் (கையால் போடும் பதிவு) போட்டிருக்கிறார்கள், மறுநாள் பேட்ச் மறுபடி ஓடி அதே பில்லைக் கொண்டுவந்திருக்கிறது. பேரேட்டில் இரண்டு தடவை. கண்ட்ரோல் அக்கவுண்ட்டில் கையால் ஜர்னல் போடும் வசதியையே பூட்டிவிட வேண்டும் என்று நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், இப்போது எழுத்தில் கேட்கப் போகிறேன். அந்தக் கதவு திறந்திருக்கும் வரை பில் சிஸ்டத்துக்குத் தெரியாத தொகைகள் பேரேட்டில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கூட்டிக் கழித்தால் 25,200-உம் 13,880-உம் சேர்ந்து 39,080, அதில் 38,450 போக 630. இன்னும் 72 பாக்கி. ஆறாவது வெண்டரிடம் அந்த 72 இருக்கிறது, ஒரு பேமென்ட்டில். பில் சிஸ்டத்தில் 9,180, பேரேட்டில் 9,108. அவசரமாகக் கொடுத்தது என்பதால் பேட்ச்சில் வராமல் இரண்டு இடத்திலும் கையால் போட்டது. எது சரி என்று இரண்டு சிஸ்டத்தையும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வங்கிக் கணக்கைப் பார்க்கும் பெண் காலையில் என் மேசைக்கு வந்து, "அக்கா, எனக்கு ஒரு 72 இடிக்குது, உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் போனது 9,180. ஆக இலக்கம் மாறியது உண்மைதான், ஆனால் அது 72-இல் இருந்தது, 702-இல் இல்லை.

மேனேஜரிடம் தாளைக் காட்டினேன். அடியில் 702 என்று இருக்கிறது, மேலே இரண்டு பக்கமும் இருந்த பிழைகளைக் குறி பார்க்காமல் கூட்டினால் 77,602. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, எல்லாத் திருத்த ஜர்னலையும் ஜூலையிலேயே போடச் சொன்னார். மாலை பேரேடு 48,62,310.45.

ஆகஸ்ட் 6, புதன்

நேராகிவிட்டது என்று நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஒரு சப்ளையரிடமிருந்து போன், ஜூலை பில் ஒன்றுக்குப் பணம் வரும் அறிகுறியே இல்லை என்று. அவர் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டில் 2 பில்கள், நம் இரண்டு சிஸ்டத்திலும் 1 மட்டும். இரண்டுமே ஒரே மாதிரித் தப்பாக இருந்ததால் இரண்டையும் ஒப்பிடும் என் ரீகானில் இது தெரிய வழியே இல்லை.

அவருடைய பில் நம்பர்கள் 16 இலக்கம், ஒன்று 4417 என்று முடிகிறது, மற்றது 4418. அவை எக்செல் ஷீட் வழியாக ஏற்றப்பட்டவை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், பதினாறாவது சைபராகிவிடும். இரண்டுமே 4410 ஆகி, இரண்டாவதை டூப்ளிகேட் என்று சிஸ்டம் தள்ளிவிட்டது. அந்தப் பத்தியை எண்ணாக இல்லாமல் டெக்ஸ்ட்டாக வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அவர் பொருளைக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது, நம் ஸ்டோரில் வந்து இறங்கியதற்கு ரசீதும் இருக்கிறது, கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பணம் அவருக்கு எப்போது போயிருக்கும் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார், ஆனாலும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவருடைய பில்லை ரசீதோடும் பர்ச்சேஸ் ஆர்டரோடும் ஒப்பிட்டுப் பதிவு செய்தாயிற்று, நாளைய பேமென்ட்டில் இருக்கிறது. ஏற்றும் ஷீட்டை டெக்ஸ்ட்டாக மாற்றினேன், அப்புறம் 10 பெரிய சப்ளையர்களிடம் ஜூலை ஸ்டேட்மென்ட் கேட்டு மெயில் போட்டேன். இதுவரை 4 வந்திருக்கின்றன. முதல் மூன்று நேர். நான்காவதில் 2 பில்கள் நம்மிடம் இல்லை, ஸ்டோரில் போய்க் கேட்க வேண்டும்.