கல்விச் செய்தியில் கல்வி எங்கே?

தேசியக் கல்விக் கொள்கை என்றாலே நம்ம டிவியில் நாலு கட்டத்துக்குள் நாலு பேர், கீழே 'இந்தித் திணிப்பா?' என்று ஓடும் சிவப்புப் பட்டை, ஒரு மணி நேரம் கத்தல். மொழி முக்கியம்தான், 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கிற மாநிலம் அதைக் கேட்காமல் யார் கேட்பார்கள்? ஆனால் தேசியக் கல்விக் கொள்கைப்படி மாதிரிப் பள்ளிகளை உருவாக்கும் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததால், பள்ளிக் கல்விக்கான ஒருங்கிணைந்த திட்டத்தின், அதாவது 2024-25க்கான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தராமல் வைத்திருக்கிறது என்று மாநில அரசு சொன்னபோது, அந்தப் பணம் எங்கே போகும் என்பதை எத்தனை சேனல் காட்டியது?

ஆசிரியர் பயிற்சி, கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் சேரும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணம் எல்லாம் இதில்தான் வருகிறது. அப்புறம், பள்ளிக்கு வரவே முடியாத மாற்றுத்திறன் குழந்தையின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துப் பென்சில் பிடிக்கச் சொல்லித் தரும் சிறப்புப் பயிற்றுநரின் சம்பளமும். அந்த வீட்டுக்கு ஒரு கேமரா போகட்டுமே!

60:40 என்று ஒன்றியமும் மாநிலமும் பங்கு போட்டுத் தரும் திட்டம் இது. 1976இல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனதிலிருந்து பொறுப்பு ரெண்டு பக்கமும் இருக்கிறது. சரி, ரெண்டு பேரிடமும் கேளுங்கள்: ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்தோடு எதற்காகக் கட்டுகிறீர்கள், அதுவரை அந்தப் பயிற்றுநருக்கு யார் சம்பளம் தருவது?