புதுச்சேரிக்குப் போய் பீர் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடலூரிலிருந்து வரும் பஸ் முள்ளோடையைத் தாண்டியதுமே ஒயின்ஷாப் போர்டுகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் டாஸ்மாக் எதை வைத்திருக்கிறதோ அதுதான் கிடைக்கும். இங்கே தனியார் கடைகள் என்பதால் அலமாரியில் வகை அதிகம். அப்படியிருந்தும் கவுண்டரில் அதிகம் காதில் விழுவது "அண்ணே, கூலிங்கா ஒரு ஸ்ட்ராங்" என்பதுதான். அதைக் குடிக்கத்தான் இவ்வளவு தூரம் என்றால் பஸ் காசு தண்டம்.

ஸ்ட்ராங் என்பது ருசியின் பெயரல்ல, அளவின் பெயர். இந்திய விதிப்படி ஆல்கஹால் 5 சதவீதம் வரை இருந்தால் மைல்டு, அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். 650 மில்லி ஃபுல் பாட்டிலில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி சுத்த ஆல்கஹால். 60 மில்லி லார்ஜ் விஸ்கியில் இருப்பது 26 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு ஸ்ட்ராங் ஃபுல்லும் இரண்டு லார்ஜும் ஒரே கணக்கு. "பீர்தானே" என்று மூன்றாவது பாட்டிலைத் திறப்பவர் ஐந்தாவது லார்ஜைத் தொடங்குகிறார். ருசியைப் பார்த்தால், ஸ்ட்ராங்கில் இனிப்பும் தொண்டையில் ஒரு சூடும் முன்னால் நிற்கும். கசப்பும் தானிய வாசமும் பின்னுக்குப் போய்விடும். எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்க வந்தவருக்கு அது சரியான தொடக்கமல்ல.

முதலில் உங்கள் காபியை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை குறைத்து டிகாக்‌ஷன் தூக்கலாகக் குடிப்பவருக்குக் கசப்பு உறுத்தாது. அவர் பில்ஸ்னர் பக்கம் போகலாம். 1842இல் செக் நாட்டுப் பில்சென் நகரில் தொடங்கிய வகை அது: பொன்னிறம், தெளிவு, முடிவில் சுருக்கென்று ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு. கசப்பே ஆகாது என்பவருக்குக் கோதுமை பீர். பெல்ஜியத்து ஹோகார்டனில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்கின்றன, முகர்ந்தாலே தெரியும். ஜெர்மன் பாணிக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ஆனால் இரண்டையும் யாரும் போடுவதில்லை, ஈஸ்ட்டின் வேலை அது. பட்வைசரில் அரிசியும் கொரோனாவில் மக்காச்சோளமும் சேர்வதால் வாயில் லேசாக, வாசம் அடக்கமாக இருக்கும். வெயிலுக்கு நல்லது, நினைவில் நிற்காது. கறுப்பு ஸ்டவுட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறம் வறுத்த பார்லியால் வருவது, போதையால் அல்ல. கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான்.

ஃபுல் வாங்காதீர்கள். 330 மில்லி பைண்ட்டாக நான்கு வகை எடுத்து மூன்று பேர் பங்கிட்டால் ஒரு வகைக்கு ஆளுக்கு 110 மில்லி வரும். முதலில் பட்வைசர், கொரோனா போன்ற லேசான லாகர், பிறகு கோதுமை, பிறகு கசப்பானது, கடைசியில் கறுப்பு. இந்த வரிசையை மாற்றிவிட்டால் ஸ்டவுட்டுக்குப் பின் வரும் லாகர் சோடா மாதிரித்தான் தெரியும். நடுவே ஒரு வாய் தண்ணீர், மசாலா போடாத வேர்க்கடலை. மிளகு வறுவலை முதலில் தொட்டவர் அந்தச் சுற்றில் தீர்ப்புச் சொல்ல லாயக்கில்லை.

கூலிங் மோகம்தான் இங்கே பெரிய எதிரி. பனிக்கட்டிப் பக்குவத்தில் நாக்கு மரத்துப்போகிறது, வாசமும் எழும்பாது. லாகருக்கு 4 முதல் 7 டிகிரி போதும். ஏல் (லாகரைவிடக் கூடுதல் சூட்டில் புளிக்கவைப்பது), ஸ்டவுட் வகைக்கு 8 முதல் 12. புதுச்சேரி மே மாத வெயிலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தாலே அது தானாக வந்துவிடும். பாட்டிலோடு வாயில் கவிழ்த்தால் பாதி ருசி போச்சு, மூக்குக்கு வேலையே இருக்காது. கண்ணாடி டம்ளரை 45 டிகிரி சாய்த்து ஊற்றி, முக்கால் நிறைந்ததும் நிமிர்த்தினால் இரண்டு விரற்கடை நுரை நிற்கும். நுரை உடனே அடங்கி, டம்ளர் சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் பீரைத் திட்டாதீர்கள். டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது. வேறு டம்ளர் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

வாங்கும்போதே லேபிளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. பழசாகிவிட்ட பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். பச்சை, வெள்ளைப் பாட்டில்களில் இன்னொரு தொல்லை உண்டு. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் கிளம்பும். ஸ்கூட்டியின் முன் கூடையில் வெயில் காய்ந்த பாட்டிலுக்கு அந்த வாடை வரச் சில நிமிடமே போதும். பழுப்புப் பாட்டில் பெரும்பாலும் தப்பிக்கும், டின் முழுசாகத் தப்பிக்கும்.

அங்கேயே காய்ச்சி ஊற்றும் இடங்களுக்குப் போனால் முழு மக் சொல்வதற்கு முன் ருசி பார்க்கச் சின்ன கிளாஸில் கேட்கலாம். லாகரில் வெண்ணெய் பாப்கார்ன் வாசம் அடித்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே அவசரமாக இறக்கியிருக்கிறார்கள். கோதுமை பீர் கலங்கலாக இருப்பது குறையல்ல.

சாப்பாட்டுக்கு வந்தால், நெத்திலி வறுவலுக்கும் சுறாப்புட்டுக்கும் கோதுமை பீர்தான் பொருத்தம். அதிக கசப்புள்ள ஐபிஏவை (இந்தியா பேல் ஏல் என்ற வகை) மிளகாய்க் காரத்தோடு வைத்தால் எரிச்சல் இரட்டிப்பாகும், மோர் தேட வேண்டிவரும். பிரெஞ்சுத் தெருக்களில் கிடைக்கும் பீஃப் ஸ்டேக்குக்கு ஸ்டவுட் சரி.

கடற்கரைச் சாலையில் பாட்டிலைத் திறக்காதீர்கள், போலீஸ் வரும். வண்டி ஓட்டுபவர் ருசி பார்க்கவே கூடாது. சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான், அதை ஒரு ஃபுல் மைல்டே தாண்டவைத்துவிடும். கடலூர் பஸ் அடிக்கடி இருக்கிறது. மீந்த பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு மட்டும் ஏற வேண்டாம். எல்லையில் தமிழ்நாட்டு மதுவிலக்குப் போலீசார் பையைத் திறந்து பார்ப்பார்கள்.