கூட்டு நடவடிக்கைக் குழு எங்கே உடைகிறது

போக்குவரத்துப் பணிமனை வாசலில் தொமுச, சிஐடியு, ஏஐடியுசி, அண்ணா தொழிற்சங்கப் பேரவை, எச்எம்எஸ் என்று ஆளுக்கொரு கொடிக்கம்பம் நிற்கும். சம்பளப் பேச்சு வந்தால் பல கொடிகள் ஒரே பந்தலுக்குள் வந்துவிடும். அந்தச் சேர்க்கை முழு இணைப்பா, சம்மேளனமா, கூட்டு நடவடிக்கைக் குழுவா என்று முதலிலேயே பேசிக்கொள்ளாததுதான் பின்னால் வினையாகிறது.

முழு இணைப்பு அபூர்வம். 2025 வரை நடைமுறையில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி, ஒவ்வொரு சங்கத்திலும் பாதி உறுப்பினராவது வாக்களித்து, பதிவானதில் 60 சதவீதம் ஆதரவாக விழ வேண்டியிருந்தது. சந்தா, கட்டடம், தலைவர் பதவி எல்லாவற்றையும் பொதுவில் கரைக்க யாருக்கு மனசு வரும்? பல சங்கங்களின் கூட்டமைப்பான சம்மேளனத்தில் அந்தச் சிக்கல் இல்லை. சங்கம் தன் பதிவு எண்ணோடு தனியாக இருந்துகொண்டு இணைப்புக் கட்டணம் மட்டும் கட்டும்.

நாம் அடிக்கடி பார்ப்பது கூட்டு நடவடிக்கைக் குழு. இதற்குப் பெரும்பாலும் தனிப் பதிவு இருக்காது, நிரந்தர நிர்வாகமும் இருக்காது. ஆசிரியர், அரசு ஊழியர்களின் ஜாக்டோ-ஜியோவும், ஒன்பது வங்கிச் சங்கங்கள் சேர்ந்த யுஎஃப்பியுவும் இந்த ரகம்தான்.

முதல் விரிசல் கோரிக்கைப் பட்டியலிலேயே விழும். ஆளுக்கு ஐந்து கோரிக்கை சேர்த்தால் நாற்பது ஆகிவிடும். நிர்வாகம் அதில் செலவில்லாத பத்தைப் பொறுக்கிக் கொடுக்கும். அந்தப் பத்தும் யாருடையவையோ அவர்கள் திருப்தியாகிவிடுவார்கள். பொதுக் கோரிக்கை ஐந்தாறுக்கு மேல் போகாமல், பிரிவு வாரியானவற்றை இணைப்பாக வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அப்போதும் எல்லாருக்கும் ஒரே சூடு இருக்காது. பழைய ஓய்வூதியக் கோரிக்கையையே பாருங்கள். 2003 ஏப்ரல் 1க்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதற்கு முன் சேர்ந்தவர் அதை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார்.

அடுத்தது நோட்டீஸ். ஸ்ட்ரைக் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் இறங்கக் கூடாது என்பது முன்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் இருந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. நாலு சங்கம் நாலு தேதியில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒரே நாளில் இறங்கினால், கடைசியாகக் கொடுத்தவருக்கு 14 நாள் ஆகியிருக்காது. அவருடைய வேலைநிறுத்தம் மட்டும் சட்டவிரோதம், சம்பளப் பிடித்தமும் அவர் தலையில். ஒரே தாளில், ஒரே தேதியில், எல்லாச் சங்கச் செயலாளர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கி வைக்க வேண்டும்.

உண்மையில் உடைவது கையெழுத்து மேசையில். நிர்வாகமும் ஒரு சங்கமும் தனியே போடும் ஒப்பந்தம், பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்ணால் ‘பதினெட்டு ஒன்று’ எனப்படுவது, அவ்விருவரை மட்டுமே கட்டும். சமரச அதிகாரி முன்னிலையில் போடும் ‘பன்னிரண்டு மூன்று’ அப்படியில்லை. கையெழுத்துப் போடாத சங்கத்துக்காரரையும், நாளை வேலைக்குச் சேரப் போகிறவரையும் சேர்த்தே கட்டும். 2018 ஜனவரியில் அரசுப் போக்குவரத்தில் பழைய அடிப்படைச் சம்பளத்தைப் பெருக்கும் ஊதியக் காரணி 2.57 மடங்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு பகுதிச் சங்கங்கள் 2.44க்குக் கையெழுத்திட்டன, மற்றவை பேருந்தை நிறுத்தின. ஒரு வாரம் கழித்து, உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியை நடுவராக நியமித்த பிறகே பேருந்துகள் வழக்கம்போல் ஓடின. ‘எங்களிடம்தான் பெரும்பான்மை’ என்று கையெழுத்துப் போடாதவர் வாதிட்டாலும் இங்கே செல்லாது.

ஆகவே முதல் கூட்ட மினிட்ஸிலேயே மூன்று வரி வேண்டும்: நிர்வாகத்தை யாரும் தனியே சந்திப்பதில்லை, பேச்சுக்குச் சங்கத்துக்கு இரண்டு பேர், வரைவு கைக்கு வந்தால் வாயிற்கூட்டங்களில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்தில்லை. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், நள்ளிரவுப் பேச்சுவார்த்தையின் அலுப்பு அப்படி.

புதிய சட்டத்தொகுப்பால் இன்னொரு நெருக்கடியும் வந்திருக்கிறது. 51 சதவீதம் உள்ள சங்கமே பேசும் சங்கம். அப்படி யாரும் இல்லையென்றால் 20 சதவீதமாவது உள்ளவற்றைச் சேர்த்துப் பேச்சுவார்த்தைக் குழு. 40, 30, 18, 12 என்று ஆட்கள் பிரிந்திருந்தால், கடைசி இரண்டும் சேர்ந்து 30 ஆனாலும் தனித்தனிச் சங்கங்களாக நிற்கும்வரை நாற்காலி இல்லை.

பழிவாங்கல் செலவை யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே பேச வேண்டும். 2003 ஜூலையில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர், ஆசிரியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சஸ்பென்ஷன், 17பி குறிப்பாணை (கடும் தண்டனைக்கான குற்றச்சாட்டுத் தாள்) வாங்கியவரின் வழக்கறிஞர் கட்டணத்தை உறுப்பினர் எண்ணிக்கை விகிதத்தில் சங்கங்கள் பிரித்துக்கொள்வது நியாயம். நடவடிக்கைகள் ரத்து என்ற ஷரத்து பேச்சில் மட்டும் இருந்தால் போதாது, ஒப்பந்தத்தாளில் ஏற வேண்டும். இல்லையென்றால் பேச்சு முடிந்து எல்லாரும் டியூட்டிக்குத் திரும்பிய பிறகும், முன்வரிசையில் நின்ற கிளைச் செயலாளர் வெளியேதான் நிற்பார்.