லைன் திரும்பி வரும் நேரத்துக்குத்தான் சர்வர் வேண்டும்

எங்கள் ஆபீஸ் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் இருக்கிறது. சுற்றிலும் நான்கு செம்பனைத் தோட்டங்கள், அதோடு ஓர் ஆலை. இந்த இடங்களில் இருக்கும் கணினி, சுவிட்ச், ரௌட்டர், யுபிஎஸ், கேமரா ரெக்கார்டர் எல்லாவற்றையும் ஸாபிக்ஸ் என்ற மென்பொருளை வைத்துக் கண்காணிக்கலாம் என்று முடிவானதும் சர்வர் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. சின்ன ஊரில் இருந்துகொண்டு இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், ஆலை வாசலில் லாரியோடு பழத்தை நிறுக்கும் எடை மேடைக்காக. வெட்டிய பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைக்கப் பார்ப்பார்கள். தள்ளிப்போனால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். எடை மேடைக் கணினி படுத்துவிட்டால் லாரிகள் வாசலோடு நின்றுவிடும். போதாததற்கு, ஆண்டு விற்பனை 25 மில்லியனிலிருந்து 100 மில்லியன் வெள்ளி வரை உள்ள நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது வரி வாரியத்துக்கு இணையம்வழி போகும் விலைச்சீட்டு, கட்டாயம். நாங்கள் அந்தப் பிரிவில் வருகிறோம். அதனால் இணையம் போனால் கணக்குப் பிரிவும் சேர்ந்து தவிக்கும்.

சர்வர் விற்க வந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர்?" ஏறக்குறைய 220 கருவிகள் என்றேன். 32 கோர், 128 ஜிபி ரேம் என்று விலைப்பட்டியல் நீட்டினார். கருவிகளின் எண்ணிக்கையை வைத்து ஸாபிக்ஸுக்கு அளவு சொல்ல முடியாது. நொடிக்கு எத்தனை மதிப்புகள் உள்ளே வருகின்றன, அவற்றை எத்தனை நாள் வைத்திருக்கப் போகிறோம், இந்த இரண்டும்தான் கணக்கு.

ஸாபிக்ஸோடு கூடவே வரும் டெம்ப்ளேட்டுகளை, அதாவது எதையெல்லாம் கண்காணிப்பது என்ற தயார்ப் பட்டியல்களை, அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று ஒரு சோதனைக் கணினியில் பார்த்தேன். விண்டோஸ் டெம்ப்ளேட், ஓடுகிற ஒவ்வொரு சர்வீஸையும் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டையும் தானாகக் கண்டுபிடித்து ஐட்டம், அதாவது தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கும் விஷயம், ஆக்கிக்கொள்கிறது. சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் அரை டஜனுக்கு மேல். எங்கள் கருவிகளுக்கு இது 15,000 ஐட்டங்கள்வரை போகும் என்று தெரிந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நொடிக்கு 250 மதிப்புகள். ஒரு மதிப்புக்குச் சுமார் 90 பைட் என்பது ஸாபிக்ஸ் ஆவணமே தரும் உத்தேசக் கணக்கு. 30 நாளுக்கு 58 ஜிபி.

அதிலும் பாதிக்கு மேல் யாருமே பார்க்கப்போகாத குப்பை. பிரிண்டர் ஸ்பூலர் ஓடுகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு நான் என்ன செய்யப்போகிறேன்? பெரிய கிராணியோடு (தலைமை எழுத்தர்) உட்கார்ந்து ஒவ்வொரு வகைக் கருவியையும் எடுத்து, "இது நின்றால் யார் உங்களுக்குப் போன் அடிப்பார்கள்?" என்று கேட்டேன். அவர் பெயர் சொன்ன கருவிகளின் முக்கிய ஐட்டங்கள் மட்டும் ஒரு நிமிட வரிசைக்குப் போயின. மீதிக்கு ஐந்து நிமிடம். பெயரே வராதவற்றை எடுத்துவிட்டேன். கடைசியில் நின்றது 6,000 ஐட்டங்கள்: ஆயிரம் நிமிடத்துக்கு ஒருமுறை, ஐயாயிரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. நொடிக்கு 33 மதிப்புகள்தான். 30 நாள் விவரம் 8 ஜிபிக்குள், இரண்டு வருட மணிக்கணக்குச் சுருக்கம் 9.5 ஜிபி. இந்த அளவுக்கு 4 கோர், 16 ஜிபி ரேம், கண்ணாடிப் பிரதியாக (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே இருக்கும்படி) இரண்டு எஸ்எஸ்டி உள்ள மெஷின் தாராளம். சாதாரண நாளுக்கு அதுகூட அதிகம்.

ஆனால் எங்கள் ஊரில் சாதாரண நாள் சாயங்காலம்வரைதான். நாலு மணிக்கு மேல் இடி இறங்கினால் தோட்டத்து இணைய லைன் போய்விடும், சில நாள் கரண்டும் கூட. ஆலை வேறு மாதிரி. அங்கே பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து, நீராவி டர்பைனில் தாங்களே மின்சாரம் எடுக்கிறார்கள். ஆலையின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேன் அண்ணனிடம் கேட்டபோது, "தம்பி, பாய்லர் அழுத்தம் விழுந்தா ஜென்செட்டுக்கு மாத்துவோம். அந்த மாறுற நேரத்துலதான் உங்க பொட்டியெல்லாம் அலறும்" என்றார். ஆலைக்கு யுபிஎஸ் அளவை அவர் சொன்னபடிதான் வைத்தேன். கையேட்டில் இது கிடைக்காது.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் ஆலையிலும் ஒரு ஸாபிக்ஸ் புராக்ஸி. பழைய மினி பிசிதான், உள்ளே சிறிய எஸ்எஸ்டி, எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸ். லைன் போனாலும் அது அங்கேயே விவரங்களைச் சேர்த்து வைத்து, லைன் வந்ததும் சர்வருக்கு அனுப்பும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைப்பு இல்லாத நேரத்துக்குப் புராக்ஸி சேர்த்துவைக்கும் காலம், ஆஃப்லைன் பஃபர் என்ற அமைப்பு, இயல்பாக ஒரே ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் பழையவை அழியும். தோட்டத்தில் லைன் போய் ஒரு மணி நேரத்தில் ஆள் வந்து சரிசெய்ததாக எனக்கு நினைவில்லை. 72 மணி நேரம் என்று மாற்றினேன். ஒரு தோட்டத்தில் நொடிக்கு ஐந்து மதிப்புகள் என்றால் மூன்று நாளுக்குச் சுமார் 13 லட்சம் மதிப்புகள், 120 எம்பிகூட வராது. பயப்பட ஒன்றும் இல்லை. ஸாபிக்ஸ் 7.0இல் இவற்றை ரேமில் வைக்கும் முறையும் வந்திருக்கிறது, வேகம் அதிகம். கரண்ட் சொல்லாமல் போகும் இடத்தில் அது வேண்டாம், டிஸ்க்கே போதும்.

புராக்ஸி ஆக்டிவ் முறையில்தான் இருக்க வேண்டும். 2021 முடிவோடு நாட்டில் 3ஜி நிறுத்தப்பட்டதிலிருந்து தோட்டங்களில் 4ஜி ரௌட்டர்கள்தான். எங்கள் சிம்களுக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி கிடையாது. ஆக்டிவ் முறையில் புராக்ஸியே வந்து சர்வரின் 10051 போர்ட்டைத் தட்டும். தோட்டத்துப் பக்கம் எதையும் திறந்துவிட வேண்டியதில்லை.

அப்புறம்தான் உண்மையான அளவுக் கணக்கு வந்தது. ஐந்து இடங்களிலும் சேர்த்து நொடிக்கு 25 மதிப்புகள். ஒரே இடியில் எல்லா லைனும் ஆறு மணி நேரம் போனால் 5,40,000 மதிப்புகள் தேங்கும். லைன் திரும்பியதும் அதைப் பத்து நிமிடத்தில் இறக்க வேண்டும் என்றால் நொடிக்கு 900. வழக்கத்தைப் போல 27 மடங்கு. அணையில் சராசரி மழைக்கா மதகு வைக்கிறார்கள்? சர்வரை வாங்கும்போது இந்தப் பத்து நிமிடத்தை நினைத்துத்தான் வாங்க வேண்டும். இதில் சிபியு பெரிதாக வேலை செய்யாது, டிஸ்க்கின் எழுதும் வேகமும் டேட்டாபேஸ் அமைப்பும்தான் தாங்க வேண்டும்.

ஆலை நிற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக் கிராணிகளிடம் சொல்லி ஐந்து ரௌட்டர்களையும் காலையில் பிடுங்கிவைத்து மதியம் ஒரே நேரத்தில் போடச் சொன்னோம். முதல் சோதனையை வேண்டுமென்றே எந்த அமைப்பையும் மாற்றாமல் செய்தோம். சர்வரின் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். அது ரேமில் எடுத்துக்கொள்ளும் இடமான இன்னோடிபி பஃபர் பூல் இயல்பு 128 எம்பி, டேட்டாபேஸில் எழுதும்வரை மதிப்புகளை ஸாபிக்ஸ் ரேமில் வைத்திருக்கும் ஹிஸ்டரி கேஷ் 16 எம்பி. ஹிஸ்டரி கேஷ் சீக்கிரமே நிரம்பியது. சர்வர் புராக்ஸிகளைக் காத்திருக்கச் சொன்னது, இன்னும் வந்துசேராத ஐட்டங்களைக் காட்டும் க்யூ பக்கம் நீண்டுகொண்டே போனது. எதுவும் தொலையவில்லை, ஆனால் நடப்பு நிலவரம் தெரிய வெகுநேரம் ஆனது. எடை மேடை அந்த நேரத்தில் படுத்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த சோதனைக்கு பஃபர் பூல் 8 ஜிபி, ஹிஸ்டரி கேஷ் 128 எம்பி. பரிவர்த்தனைப் பதிவை ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் அழுத்தாமல் நொடிக்கு ஒருமுறை அழுத்தும்படி மாற்றினேன். கரண்ட் போனால் கடைசி ஒரு நொடி விவரம் போகலாம், கண்காணிப்பில் அது பெரிதல்ல. கணக்குப் புத்தகம் இருக்கும் டேட்டாபேஸில் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். இந்த முறை தேங்கியது முழுவதும் நாங்கள் பசியாறி முடிப்பதற்குள் இறங்கிவிட்டது.

பழைய விவரங்களை அழிக்கும் ஹவுஸ்கீப்பர் மணிக்கு ஒருமுறை ஓடும். லட்சக்கணக்கான வரிகளைத் தேடித் தேடி அழிப்பதால், தேக்கம் இறங்கும் நேரத்தில் அதுவும் எழுந்தால் டிஸ்க்குக்கு இரட்டை வேலை. ஹிஸ்டரி அட்டவணைகளை நாள்வாரியாகப் பிரித்து, காலாவதியான நாளை மொத்தமாகத் தூக்கிவிடும்படி செய்தேன். அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

சர்வரை எங்கே வைப்பது என்பதில் கோலாலம்பூர் தலைமையகத்தோடு கொஞ்சம் வாக்குவாதம். 2024இல் அமேசான் மலேசியாவிலேயே கிளவுட் மையம் திறந்துவிட்டதால் அங்கே போடலாம் என்றார்கள். தவறில்லை. ஆனால் மாதாமாதம் வெள்ளி கட்ட வேண்டும், டவுன் ஆபீஸின் ஃபைபர் போனால் ஆபீஸுக்கு உள்ளே நடப்பதும் தெரியாது. சர்வர் இங்கேயே இருக்கட்டும், அது உயிரோடு இருக்கிறதா என்று தலைமையகத்திலிருந்து பிங் செய்து பார்க்கட்டும் என்று முடிந்தது.

இன்னும் பாக்கி இருப்பது அலர்ட் வேலை. ரௌட்டர் போனால் அதன் பின்னால் இருக்கும் முப்பது கருவிகளுக்கும் தனித்தனியாகச் செய்தி வரக்கூடாது என்று டிரிக்கர்களை (எப்போது எச்சரிப்பது என்ற விதிகளை) ஒன்றோடொன்று சார்ந்திருக்கும்படி கட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று தோட்டங்களுக்கு முடிந்துவிட்டது. ஆலையில் டர்பைன் மாறும் நேரத்துக்கு யுபிஎஸ் செய்தியை எத்தனை நிமிடம் அடக்கிவைப்பது என்பதைச் சார்ஜ்மேன் அண்ணன் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்.