ஓடிபி சொல்லாமல் வாங்கிய ஹீட்டர்

குளியலறைத் தரை ஈரம் காயாமல் கிடந்ததற்கு முதலில் அம்மாவைத்தான் குறை சொன்னேன், பைப்பை ஒழுங்காக அடைக்கவில்லை என்று. இரண்டு நாள் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தேன். ஹீட்டரின் அடி மூடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. 2 கிலோவாட் கரண்ட் ஓடுகிற சாமானம். அதன் நேர் கீழே நின்றுதான் அம்மா இரண்டு நாளும் குளித்திருக்கிறாள். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் வீட்டில் இப்படி ஒழுகினால் வாரண்டி எல்லாம் பிறகு. முதலில் எம்சிபியை, அதாவது போர்டில் கரண்டை வெட்டும் சுவிட்சை, இறக்குங்கள், அப்புறம் தண்ணீர் வருகிற வால்வை அடையுங்கள்.

25 லிட்டர் ஹீட்டர். 2021 ஜனவரியில் அத்தான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தபோது நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கித் தந்தது. எங்கள் வீடு திங்கள்சந்தைப் பக்கம். ஒழுகத் தொடங்கியது 2025 ஜூனில், மழை பிடித்த நேரம். முட்டுவலிக்காரியான அம்மாவுக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. அடுப்பில் குண்டான் ஏறியது, வீட்டில் சண்டையும் ஏறியது.

வாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தால் ஒரே ஹீட்டருக்கு மூன்று கணக்கு: மொத்தக் கருவிக்கு 2 வருடம், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்டுக்கு 4, உள் டேங்குக்கு 7. நாலரை வருடம் ஆகியிருந்தது. ஆகவே எது ஒழுகுகிறது என்பதுதான் கேள்வி. உள்ளூர் எலக்ட்ரீஷியன் அண்ணன் அடி மூடியை மட்டும் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். மூடி இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டில் ஈரம் இல்லை, வால்வும் சரி. டேங்கின் வெல்டிங் ஓரத்தில் துருக்கோடு. "டேங்க்தான், நான் தொட்டா வாரண்டி போயிரும்" என்று மூடிவிட்டார். அந்த இடத்தை மொபைலில் வீடியோ எடுத்து வைத்தேன். அதுதான் பிறகு காப்பாற்றியது.

கார்டு கிடைத்தது, பில்லும் கிடைத்தது. ஆனால் பில்லில் எழுத்து இல்லை. மெஷினில் அடித்துத் தரும் அந்த வழவழப்புத் தாள் வெள்ளையாகி, கடைப் பெயரின் நிழல்கூடத் தெரியவில்லை. (கூட வேலை பார்க்கும் ஒருவர் இப்படி அழியக் கூடாதென்று லேமினேஷன் போட்டாராம். சூடு பட்டு முழுத் தாளும் கறுத்துவிட்டது.) கார்டில் கடைக்காரர் சீல் போட வேண்டிய இடமும் காலி. வாங்கிய அன்றைக்கு அதையெல்லாம் யார் பார்த்தோம்?

அரை நாள் லீவு போட்டு, மழையோடு பஸ் பிடித்து வடசேரியில் இறங்கி, கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் நிமிராமலே, "அஞ்சு வருசத்துப் பில்லா? கம்ப்யூட்டர் மாத்தியாச்சு, பழசு எதுவும் இல்ல" என்றார். நானும் சரி என்று திரும்பிவிட்டேன். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் தெருக்காரப் பையன் பிறகுதான் சொன்னான்: ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருடத்துக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கடைக்காரர் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும். இது தெரிந்திருந்தால் கடையை விட்டு அசைந்திருக்க மாட்டேன்.

அன்றிரவு அத்தானிடம் போனில் புலம்பியபோது, "அண்ணைக்கே பில்லைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்புல அனுப்புனேனே" என்றார். நான் போன் மாற்றியதில் என்னிடம் இல்லை. அவர் போனில் இருந்தது. பில் எண், தேதி, மாடல் எல்லாம் பளிச்சென்று. அந்தப் படத்தையே கம்பெனி ஏற்றுக்கொண்டது.

சீரியல் எண் வேறு கேட்டார்கள். ஸ்டிக்கர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஸ்டூலில் ஏறி, சந்துக்குள் மொபைலை நுழைத்து, ஏழெட்டுப் படம் எடுத்ததில் ஒன்று தேறியது.

ஒரு எச்சரிக்கை. கம்பெனி எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வந்ததற்கு அடித்தேன். பேசியவர் பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் என்றார், ஒரு ஆப்பை ஏற்றச் சொன்னார். ஆப் என்றதும் வைத்துவிட்டேன். கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு மட்டும் அடியுங்கள்.

சரியான எண்ணில் புகார் பதிந்தது ஜூன் 9. மறுநாள் திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "சார், உங்க கம்ப்ளைன்ட் எங்களுக்கு வந்திருக்கு. ஆனா நாங்க ஆரல்வாய்மொழி தாண்டி வரமாட்டோம்." அப்படியென்றால் யார் வருவார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. அன்று மாலையே, 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, புகார் முடிக்கப்பட்டது' என்று மெசேஜ். நான் வீட்டில்தான் இருந்தேன், குண்டானை இறக்கிக்கொண்டு.

திரும்ப அழைத்து, அஞ்சல் குறியீடு 629-ல் தொடங்கினால் அது கன்னியாகுமரி மாவட்டம் என்று பாடம் நடத்தி, நாகர்கோவில் சர்வீஸ் ஆளுக்கு மாற்றவைக்க ஒரு வாரம் போனது.

வந்த பையன் மரியாதையானவன்தான். மூடியைத் திறந்தான், பார்த்தான், "நாலு வருசம் முடிஞ்சுபோச்சே சார்" என்றான். நாலு எலிமென்டுக்கு, டேங்குக்கு ஏழு என்று கார்டைக் காட்டினேன். "அப்ப இது உப்புத்தண்ணி. உப்புத்தண்ணிக்கு வாரண்டி கிடையாது. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, புதுசு போட்டுத் தரட்டுமா?" என்றான். அதே மூச்சில், "மொபைலுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க, விசிட் என்ட்ரி போடணும்."

சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உள்ளே இருந்து என் மனைவி, "மெசேஜை வாசிச்சிட்டுச் சொல்லுங்க" என்றாள். வாசித்தேன். 'வேலை திருப்தியாக முடிந்தால் மட்டும் இந்த எண்ணைப் பகிரவும்' என்று இருந்தது. சொல்லியிருந்தால் கம்பெனிக் கணக்கில் நான் திருப்தியடைந்த வாடிக்கையாளர், புகார் முடிந்திருக்கும். பையனைக் குற்றம் சொல்லவில்லை, புகாரை மூடினால்தான் அவனுக்குக் காசு. ஆனால் வேலை முடியாமல் அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

உப்புத்தண்ணீர் என்ற பேச்சை நான் எதிர்பார்த்திருந்தேன். கடலோரத்துப் போர் தண்ணீர் என்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம், எங்களுடையது கிணற்றுத் தண்ணீர். ஆர்ஓ மெஷின் சர்வீஸுக்கு வருபவரிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா இருக்கும் அல்லவா, அவரை வைத்து முன்பே அளந்திருந்தேன்: 140. கார்டில் சொன்ன வரம்புக்குள் தாராளமாக அடங்கும். பிறகு மெக்னீசியக் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தீர்வதற்காக உள்ளே வைக்கும் ஆனோடு கம்பி அது. 2023-ல் இதே கம்பெனி ஆளிடம் காசு கொடுத்து மாற்றியது, ரசீதும் இருந்தது. பாதிக் கம்பி அப்படியே நின்றது. "தண்ணி அவ்வளவு கொடூரமா இருந்தா முதல்ல இந்தக் கம்பிதானே காணாம போயிருக்கணும்? டேங்க் எப்படி முந்திச்சு?" பையன் தலையைச் சொறிந்தான்.

"சரி தம்பி, வாரண்டி இல்லன்னா ஏன் இல்லன்னு ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா." (வந்து பார்த்ததை அவர்கள் குறித்துத் தரும் தாள்தான் ஜாப் ஷீட்.) அங்கேதான் ஆட்டம் மாறியது. வாயால் இல்லை என்பவர்கள் கையால் இல்லை என்று எழுதத் தயங்குகிறார்கள். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டான். ஒரு வாரம் சத்தமே இல்லை.

அப்புறம்தான் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. பில் படம், கார்டு, துருக்கோடு வீடியோ, டிடிஎஸ் அளவு, ஆனோடு ரசீது எல்லாவற்றையும் புகாரோடு சேர்த்தேன். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் இல்லை, புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டுப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் நாலாம் நாள் சென்னையிலிருந்து கம்பெனி அதிகாரியே கூப்பிட்டார். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரைக்குக் கட்டணம்கூட இல்லை என்று நானும் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். "அதெல்லாம் வேண்டாம் சார், யூனிட்டையே மாத்திடறோம்" என்றார்.

ஜூலை 7-ம் தேதி அதே பையன் புது ஹீட்டரோடு வந்தான், சிரித்துக்கொண்டே. மாட்டுகிற கூலியும் இரண்டு கனெக்‌ஷன் பைப்பும் என் செலவு, ஜிஎஸ்டியோடு 780 ரூபாய். புதுசுக்குப் புதுசாக ஏழு வருடம் கிடையாது, பழையதன் மிச்ச வாரண்டிதான். பழைய டேங்கைக் கையோடு எடுத்துப் போனான். கழற்றி வெளித்திண்ணையில் வைத்திருந்த அதைப் பார்த்த ஆக்கர்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) இடையில் இரண்டு தடவை விலை கேட்டிருந்தார், அம்மாவும் கொடுத்துவிடத் துடித்தாள். கொடுத்திருந்தால் மாற்றுவதற்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

வெந்நீர் கையில் சுடும் வரை காத்திருந்து, ஓடிபியைச் சொன்னேன். இந்தத் தடவை ஸ்டிக்கரைச் சுவர்ப் பக்கம் திருப்ப விடவில்லை.

இரவு அத்தான் கூப்பிட்டார். ஹீட்டர் எப்படி, அம்மா எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "ஜாப் ஷீட்டைப் போட்டோ எடுத்தியாடே?"