ரூலெட் மேசையில் காசு வைக்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், கேசினோவையும் (சூதாட்ட விடுதி) ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறார்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நுழைவு வரி உள்ளூர்க்காரர்களுக்குத்தான், நமக்குப் பாஸ்போர்ட் போதும். (ஊரில் இருந்தபடி போனில் ஆடலாம் என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி இணையச் சூதாட்டத்துக்குத் தடை.)

ரூலெட் என்பது எண் போட்ட குழிகள் உள்ள சக்கரத்தில் பந்தைச் சுழற்றிவிட்டு, அது எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். உட்காரும் முன் சக்கரத்தில் எத்தனை பூஜ்யம் என்று பாருங்கள். ஒன்று என்றால் மொத்தம் 37 குழி. இரண்டு என்றால் 38. இரண்டிலும் ஒரே ஓர் எண்ணில் வைத்து ஜெயித்தால் 35 மடங்குதான் கொடுப்பார்கள். போட்டதும் திரும்புவதால் கையில் 36. வட்டிக்கணக்கு தெரிந்த ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: எல்லா எண்ணிலும் ஒவ்வொரு டாலர் வைத்தால் பற்று 37, வரவு 36. மிச்சமான அந்த ஒரு டாலர்தான் 2.7 சதவீதம். இரட்டைப் பூஜ்யத்தில் அதுவே 5.26. மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 10 டாலர் என்று ஆடினால் சராசரியாக முதல் மேசையில் 11 டாலர் போகும், மற்றதில் 21.

இரண்டு எண்ணுக்கு நடுக்கோட்டில் வைத்தால் 17 மடங்கு, மூன்று எண் வரிசைக்கு 11, நான்கு கட்டம் கூடும் மூலையில் 8, ஆறு எண்ணுக்கு 5, பன்னிரண்டுக்கு 2. சிவப்பு கறுப்புக்கும் ஒற்றைப்படை இரட்டைப்படைக்கும் வைத்த அளவே கிடைக்கும். எதில் வைத்தாலும் அதே சதவீதம்தான் கழியும். இரட்டைப் பூஜ்ய மேசையில் 0, 00, 1, 2, 3 சேர்ந்த ஐந்தெண் பந்தயத்தை மட்டும் தொடவே வேண்டாம், அதில் 7.89 போகிறது. பூஜ்யம் விழுந்தால் சிவப்பு கறுப்புக்குப் பாதியைத் திருப்பித் தரும் ஒரே பூஜ்ய மேசை கிடைத்தால் விடாதீர்கள், கழிவு 1.35 ஆகிவிடும்.

சிவப்பு கறுப்பில் தோற்றால் இரட்டிப்பாக வைப்பது என்ற வழியில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். 10 டாலரில் தொடங்கி எட்டு முறை தொடர்ந்து தோற்றால் போனது 2,550. ஒன்பதாவதற்கு 2,560 வேண்டும். அதற்குள் மேசையின் உச்சவரம்பு தடுத்துவிடும். ஜெயித்தாலும் லாபம் அதே 10 டாலர். போன சுற்றுகளைக் காட்டும் பலகையில் கறுப்பாகவே வருகிறது, இனி சிவப்புதான் என்றும் எண்ண வேண்டாம். 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோ நாட்டின் மான்டி கார்லோ கேசினோவில் 26 முறை தொடர்ந்து கறுப்பு விழுந்தது. சிவப்பில் குவித்தவர்கள் லட்சக்கணக்கான பிராங்கை இழந்தார்கள். பந்துக்குப் போன சுற்று ஞாபகத்தில் இருக்காது.

பணத்தை, ஆட்டத்தை நடத்தும் டீலர் கையில் நீட்டாமல் மேசைமேல் வையுங்கள். உங்களுக்கென்று ஒரு நிறத்தில் சில்லு (காசுக்குப் பதில் வைக்கும் வில்லை) தருவார். ஒன்று எவ்வளவு என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். பந்து வேகம் குறைந்ததும் அவர் கையை வீசி நிறுத்துவார், அதன்பின் வைக்கக் கூடாது. ஜெயித்த எண்மேல் ஒரு குமிழை வைப்பார். அதை எடுக்கும்வரை சில்லைத் தொடாதீர்கள். அடுத்த பந்தயத்தை வைக்க அவசரப்பட்டுக் கைநீட்டுவதால்தான் தகராறு வருகிறது. எழுந்திருக்கும் முன் நிறச் சில்லை அதே மேசையில் சாதாரணச் சில்லாக மாற்றிக்கொள்ளுங்கள். காசாளர் நிறச் சில்லை வாங்க மாட்டார்.